மச்சான் ஏலம் எடுத்த கோட்டுக் கம்பி

என் அக்காள் பொன்னாத்தாளைக் கட்டிக்கொடுத்த இடம் மோகனூருக்கு மேற்கே, ஆற்று வாய்க்கால் எட்டாத மேட்டு நிலம். அவள் வீட்டுக்காரர் மருதாசலம் எனக்கு மச்சான். மச்சானைக் கேலி பேசும் பாத்தியதை மச்சினனுக்கு உண்டு. அதை நான் குறைவில்லாமல் அனுபவிக்கப்போகிறேன். ஆனாலும் நல்லது ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் மரியாதை. ஆள் நல்ல உயரம்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான். பங்காளி செங்கோட்டையன் என்ன செய்கிறார் என்று பார்ப்பது, அதைவிட ஒரு முழம் கூடச் செய்வது. அவர் கூரையைப் பிரித்து நாட்டு ஓடு போட்டால் இவர் சீமை ஓடு போடுவார். அவர் வீட்டில் கறிவிருந்து என்றால் அடுத்த வாரமே இங்கே கிடா வெட்டு. அவர் வீட்டு எருமை கிடாரிக் கன்று போட்டபோது, மச்சான் தம்முடைய எருமையைப் பார்த்த பார்வையை நான் நேரில் கண்டிருக்கிறேன். பாவம், அது என்ன செய்யும்?

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் கிணறு ஒன்று. பாட்டன் வெட்டிய பங்குக் கிணறு. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. மாடு பூட்டி, தோல்சாலில் கவலை இறைத்த காலம்வரை ஊற்றுத் தண்ணீர் இரண்டு பேருக்கும் போதுமானதாகவே இருந்தது. மச்சானின் பங்கில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. அக்காள் அதற்குச் செய்த பணிவிடையை மச்சானுக்குச் செய்திருந்தால் அவர் இன்னும் உயரமாகியிருப்பார்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், சேலத்தில் மிலிட்டரி சாமான்களை ஏலம் போடுகிறார்கள், அதில் தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜின் இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. செங்கோட்டையன் ஏலத்துக்குப் போகிறார் என்று தெரிந்ததும் மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. உடனே கவலை மாடுகள் இரண்டையும் சந்தைக்கு ஓட்டினார்.

"என்ஜின் வந்து சேரட்டுங்க, பொறவு மாட்ட விக்கலாமுங்க" என்றாள் அக்காள்.

"என்ஜின் வந்துட்டா மாட்டுக்கு எதுக்குடி தீனி?"

"இன்னும் வரலீங்களே!"

மச்சான், பெண்பிள்ளைக்கு என்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரும் அதுவரை என்ஜினைக் கண்டதில்லை.

சேலத்துக்கு நானும் துணைக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏலத் திடலில் நிழல் என்று இருந்தது ஆணியடித்து மூடிய சில மரப்பெட்டிகளின் பக்கத்தில்தான். மச்சான் அங்கே போய் ஒரு பெட்டியில் சாய்ந்து நின்றார். நின்றவர் சும்மா இல்லாமல், பெட்டியைத் தட்டித் தட்டித் தாளம் போட்டார். தூரத்திலிருந்து செங்கோட்டையன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதாசலம் தட்டிப் பார்க்கிறான் என்றால் உள்ளே ஏதோ விசேஷம் இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அந்தப் பெட்டிகளுக்கு ஏலம் கூவியதும் முதல் குரல் அவருடையது.

மச்சான் நிமிர்ந்தார். "அவன் கேக்கறான்டா மாப்பள! அப்ப உள்ள என்ஜின் சாமான்தான் இருக்கோணும்."

"தொறந்து பாத்துட்டுக் கேட்டா என்னங்க மச்சான்?"

"தொறந்து பாக்கறதுக்குள்ள அவன் எடுத்துப்போடுவான்."

அவர் கேட்க, இவர் கேட்க, ஏலக்காரன் வாயெல்லாம் பல்லாகிவிட்டான். என்னென்று தெரியாத பொருளுக்கு இரண்டு பங்காளிகள் இப்படி முட்டிக்கொள்வதை அவன் வேறு ஜில்லாவில் பார்த்திருக்கமாட்டான். கடைசியில் செங்கோட்டையன் சலித்துப்போய் விட்டுவிட்டார். மச்சான் ஜெயித்தார். மடியில் இருந்த மாட்டுப் பணத்தில் பெரும்பகுதி போயிற்று. அதற்கு அடுத்தாற்போல் ஏலத்துக்கு வந்தது ஆயில் என்ஜின். அசல் என்ஜின், சக்கரத்தோடு. மச்சான் வாயைத் திறக்க வழியில்லாமல் நிற்க, செங்கோட்டையன் அதைச் சல்லிசாக எடுத்துக்கொண்டு போனார்.

பெட்டிகளை ஊர் பார்க்க வாசலில் வைத்துக் கடப்பாரையால் நெம்பினோம். உள்ளே, முக்கோணமாக வளைத்து, மேலே கொக்கி வைத்த கம்பிகள். பெட்டிக்குப் பெட்டி அதுதான். கொக்கு கழுத்தை வளைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்தது. இன்னதென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் கோயமுத்தூரில் பட்டாளத்து ஆபீசர் பங்களாவில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்த சடையன்தான் சொன்னான்: "இது தொரைமாரு கோட்டு மாட்டறதுங்க."

எங்கள் பக்கத்தில் கோட்டு என்ன, மேல்சட்டை போடுகிறவனே கோர்ட்டுக்குப் போகிறவன்தான். மச்சானிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அதுவும் தலையணைக்கடியில் மடித்துக் கிடக்கும். கூட்டம் சிரிப்பதற்கு முன் அவர் முந்திக்கொண்டார். "தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன். ஒலகத்துல கம்பிக்கு இல்லாத உபயோகமா?"

அன்றிலிருந்து அந்த உபயோகத்தைத் தேடுவதே அவருக்குத் தொழிலாயிற்று. முதலில் வெள்ளைச் சட்டை தலையணைக்கடியிலிருந்து விடுதலையாகி, நடுவீட்டில் கொக்கியில் தொங்கியது. இருட்டில் அதைப் பார்த்து யாரோ நிற்பதாகப் பயந்து, விருந்துக்கு வந்த ஓர் உறவுக் குழந்தைக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. பிறகு கம்பியை நீட்டி முடைந்து உறி கட்டினார். தயிர்ப்பானை ஏறியதும் கம்பி பழையபடி நீண்டுகொண்டது. பூனைக்கு அன்று பொங்கல். கம்பிகளைக் கோத்து வேலி போட்டார். ஆடுகள் அதில் முதுகைச் சொறிந்துகொண்டு நிதானமாக உள்ளே வந்தன. உறவில் எந்த விசேஷம் என்றாலும் சீர்த்தட்டில் தேங்காய் பழத்தோடு ஒரு கட்டுக் கம்பி போகும். வாங்கிக்கொண்டவர்கள் அடுத்த விசேஷத்தில் அதை இன்னொருவர் தலையில் கட்டினார்கள். ஒரு கட்டு நாமக்கல் வரை போய்ச் சுற்றிவிட்டு மச்சான் வீட்டுக்கே சீராக வந்து சேர்ந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று உருப்பட்டது. கொக்கிகளை மட்டும் வெட்டிக் கொத்தாகக் கட்டி, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி செய்தார். அது நன்றாகவே வேலை செய்தது. அதை வைத்து அவர் அடித்த பெருமையில், வாளியைக் கிணற்றில் விட்டவர்களே பேசாமல் புது வாளி வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் கொடிக்காலில் கைவைத்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்து வாழைநாரால் இளக்கமாகக் கட்டுவார்கள். மச்சான் நாரை எறிந்துவிட்டுக் கம்பியால் கட்டினார். வெயிலில் கம்பி காய்ந்தால் பிஞ்சுக் கொடி என்ன ஆகும்? அவர் காலையில் கட்டுவார். அக்காள் சாயங்காலம் ஒவ்வொன்றாக அவிழ்த்து நார் போட்டு, மேலே கம்பியைச் சும்மா சுற்றிவைப்பாள். "பாத்தியாடா, எப்படித் தளதளன்னு வருது!" என்று மச்சான் எனக்குச் சுற்றிக்காட்டினார். அக்காள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் தளதளப்பும் போயிற்று. செங்கோட்டையனின் என்ஜின் அவர் முறையில் காலையிலேயே கிணற்றை உறிஞ்சித் தரை தட்டவைத்துவிடும். மறுநாள் மச்சான் முறையில் சேறுதான் கிடக்கும். இறைக்க மாடும் இல்லை. அக்காள் விடிந்ததும் குடத்தோடு ஆற்றுக்கு நடந்தாள். ஒவ்வொரு குடமாகச் சுமந்துவந்து கொடியின் காலில் ஊற்றினாள். ஒரு கொடிக்காலைக் குடத்தால் காப்பாற்ற முடியுமா? இலைகள் பழுத்து உதிர்ந்தன. அது போனால் திரும்ப நட்டுப் பிழைக்கவைக்க அவர்களிடம் வேறு முதல் கிடையாது. அவள் உள்ளங்கையும் இடுப்பும் புண்ணாகியிருந்ததைப் பார்த்து நான்தான் ஊர்ப் பெரியவர் சின்னுசாமியிடம் போய் முறையிட்டேன்.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. செங்கோட்டையன் கெட்டவர் அல்ல, பங்காளி, அவ்வளவுதான்.

"பாதிக் கெணத்தோட நிறுத்திக்கறனுங்க. அவன் மொறைக்கு என்ற என்ஜினையே ஓட்டிக்கட்டும். ஆனா அந்தக் கம்பிய எடுத்தது தப்புன்னு சபையில ஒரு வார்த்த சொல்லோணும். நாலு பேரு சிரிக்கோணுமுங்க. அது போதும்."

சின்னுசாமி மச்சானைப் பார்த்தார். "சொல்லிப்போடு மருதாசலம். ஒரு வார்த்ததான?"

மச்சான் கோயில் கோபுரத்தைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். கொடிக்கால் இருக்கும் திசையை மட்டும் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் வாய்திறக்கும் வழக்கம் இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அக்காள் முன்னால் வந்தாள்.

"தப்புத்தானுங்க. ஆனா அவரு மேல இல்லீங்க. நாந்தான் அந்தப் பொட்டியளை எப்படியாச்சும் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லி அனுப்புனேன். என்ற பேச்சக் கேட்டு எடுத்துப்போட்டாரு."

சேலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாதவள் அக்காள். அது பொய் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. செங்கோட்டையன் தலையைக் குனிந்துகொண்டார். "போதுமுங்க நங்கை. நாளைக்கே தண்ணி பாய்ச்சிக்குங்க" என்றார். அண்ணன் பெண்சாதியை அழைக்கும் அந்த முறையைச் சொல்லி அவர் அவளை அழைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அப்போதாவது மச்சான் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன். சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, சபையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துச் சொன்னார்:

"நான் அப்பவே வேண்டாம்னுதானுங்க சொன்னேன். பொம்பளப் பேச்சக் கேட்டா இப்படித்தான்."

அவரை அவருடைய கம்பியாலேயே அந்த வேப்பமரத்தில் கட்டிப்போட வேண்டும் போல இருந்தது எனக்கு. அக்காள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

தண்ணீர் வந்தது. கொடிக்கால் பிழைத்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மச்சான் மீதிக் கம்பிகளைக் காட்டி, பெண்சாதி பேச்சைக் கேட்டு மோசம்போன கதையைச் சொல்லத் தொடங்கினார். வருஷம் ஆக ஆகக் கதை வளர்ந்தது. அவள் அழுது அடம்பிடித்தது, பட்டினி கிடந்தது எல்லாம் அதில் சேர்ந்துகொண்டன.

பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் கொடிக்காலில் அவளைக் கேட்டேவிட்டேன். "ஏனக்கா, ஒரு தடவையாச்சும் இல்லைன்னு சொன்னா என்ன?"

அவள் நாரைக் கிழித்துக் கொடியைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "அவரு பொய் சொல்லல சாமி. நெசமாவே நாஞ் சொன்னேன்னு நம்பீட்டாரு."

"நீ?"

கட்டிய முடிச்சை அழுத்திப் பார்த்தாள்.

"செல நாளைக்கு எனக்கே அப்படித்தான் நெனப்பு வருது" என்றாள்.