அடிக்குப் போன மேல்மண்

கல்லை எடுத்தால் கெம்பையன் முதலில் நாக்கில்தான் வைப்பார். சாமுண்டி மலையடிவாரத்தில் நடந்துகொண்டே இருப்பவர் சட்டென்று குனிவார். ஒரு துண்டைப் பொறுக்கி, வேட்டியில் துடைத்து, நுனிநாக்கால் தொடுவார். "ஒட்டுச்சுன்னா களிமண்ணாயிட்டு வருது. ஒட்டலீன்னா இன்னும் கல்லுதான்." கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்வார்.

சொந்த ஊர் கொள்ளேகாலம் பக்கம். மைசூர் பூகர்ப்ப இலாகாவில் இருபத்தெட்டு வருஷம் துரைகளுக்குப் பின்னால் கல்லும் மண்ணும் சுமந்தவர். குழி தோண்டினால் வெளியே வருவதைக் கலக்க விடமாட்டார். கறுத்த மேல்மண் ஒரு குவியல், செம்மண் ஒரு குவியல், அதற்கும் கீழே பாறை உளுத்து வெளுத்துக் கிடப்பது ஒரு குவியல். "பாறை வெயில்ல விரியும், மழையில ஊறும், தோல் தோலா உரியும். சதை மாவாயிரும். கண்ணாடிப் பருக்கை மட்டும் கடைசி வரைக்கும் கரையாது" என்பார். படித்தவரில்லை, பார்த்தவர்.

இப்போது பென்ஷன். ஒற்றை அறை. சமையலில் உப்பு எவ்வளவு என்று இன்னும் கைக்குப் பிடிபடவில்லை.

மனைவி சாமியாத்தாள் போன ஆடியில் போய்விட்டாள். அன்றும் குழி வெட்டியவர்களிடம் மூன்று குவியலாகப் போடச் சொன்னார். மூடும்போது, கல் அவள்மேல் விழக்கூடாது என்று, "மெத்துனு இருக்கறத மொதல்ல தள்ளுங்க" என்றார். கறுப்பு மண் அவளைப் போர்த்தியது. அதன்மேல் செம்மண். உளுத்த பாறை உச்சிக்கு வந்துவிட்டது. எந்த மண் மேலே இருந்தால் புல் முளைக்கும் என்று அவருக்குத் தெரியாததா? அன்று அந்த நினைப்பே வரவில்லை.

பதினோரு மாதமாகச் சுற்றிலும் உள்ள மேடுகளில் அறுகு அடர்ந்திருக்கிறது. இவள் மேடு மட்டும் வெள்ளை. இரண்டு தரம் கொள்ளு விதைத்தார். முளைத்து, நாலு இலை விட்டு, கருகிற்று. வருஷத் திதிக்குச் சொந்தபந்தம் வந்து நிற்பதற்குள் ஒரு பச்சையாவது தெரியவேண்டும் என்று தினமும் தண்ணீர் தூக்கிப் போகிறார்.

அங்கே ஆடு மேய்க்கும் கௌரம்மா சீண்டுவாள். "எஜமானரே, எல்லா மேட்டுலயும் என் ஆடு மேயுது. உங்க வூட்டம்மா மட்டும் ஒரு வாய் குடுக்க மாட்டேங்கறாங்களே!"

"உசுரோட இருந்தப்பவும் கேக்காம ஒண்ணும் குடுக்க மாட்டா. நீ ஆட்டக் கேக்கச் சொல்லு."

திதிக்கு இருபது நாள் இருக்கையில் சென்னிமலை என்ற மகன் வந்தான். வாய்க்கால் வேலையில் ஓவர்சியர். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஒரு வண்டி காவிரி வண்டல் கொண்டுவந்து இடுகாட்டு வாசலில் நிறுத்தினான்.

"ஒரு சாண் கொட்டுனாப் போதும்ப்பா. பத்து நாள்ல பச்சை புடிச்சுரும்."

கெம்பையன் ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்த்தார். "நல்ல மண்ணு. எங்கெங்கியோ இருந்து ஆறு அடிச்சுட்டு வந்தது."

"அதனால என்னங்கப்பா?"

"எம்பொறத்தால ஊரு ஊரா, காம்ப்பு காம்ப்பா உங்கம்மா அலைஞ்சது போதும். அவ இருக்கற எடத்து மண்ணே அவளுக்கு இருக்கட்டும்."

"அப்ப ஆளை வெச்சுத் தோண்டி, மேல கீழ மாத்திப் போட்றலாமா?"

கெம்பையன் மகனைப் பார்த்த பார்வையில் அவன் தலை குனிந்தான். குனிந்தபடியே, "இந்தப் பாறை மண்ணாகறதுக்கு உங்க ஆயுசு பத்தாதுப்பா. என்னோடதும் பத்தாது" என்றான்.

"தெரியும் கண்ணு. இருட்டறதுக்குள்ள நீ கெளம்பு. மாடு பாவம்."

வண்டிச் சத்தம் அடங்கியது. கெம்பையன் மேட்டருகே குந்தினார். உளுத்த கல் ஒன்றை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். உதிர்ந்த மாவைத் தலைமாட்டில் தூவினார். அடுத்ததை எடுத்தார்.