சோழியை ஒதுக்கிய கை

தகரக் கூரையில் ரப்பர் கொட்டைகள் சடசடவென்று விழுந்தன. அக்கா சோழி உருட்டும்போது வருகிற அதே சத்தம்.

அம்மாவை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த அக்கா, உயிர்களை யாரும் படைக்கவில்லை, தாமாகவே உருவாகின என்றாள். வேதப்புத்தகத்தை மூடாமலே அப்பா கேட்டார்: "பன்னிரண்டு சோழிய வீசினா பன்னிரண்டும் தானா மல்லாந்து விழுமா மக்களே?"

"ஒரே வீச்சுல விழாது" என்ற அக்கா, சோழிகளைச் சிமெண்ட் தரையில் வீசினாள். மல்லாந்தவற்றை ஒதுக்கிவிட்டு, கவிழ்ந்தவற்றை மட்டும் மறுபடி மறுபடி வீசினாள். ஐந்தாம் வீச்சில் பன்னிரண்டும் மல்லாந்து கிடந்தன. நான் கைதட்டினேன்.

"ஒதுக்கி வச்சது உனக்க கையில்லியா?" என்றார் அப்பா. "அதுபோல மேலயும் ஒரு கை உண்டு மக்களே."

"அங்க கை வேண்டாம்ப்பா. தாக்குப்பிடிக்கியது பெத்துப் பெருகும், மத்தது செத்துப்போவும். சாவுதான் அந்தக் கை."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்பா அம்மாவின் கட்டிலைப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா சொன்னது சரிதான் என்று இன்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள்மேல் அன்று வந்த கோபம் போகவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை. அக்கா துபாயில் இருக்கிறாள். அலமாரியில் சோழிகளைத் தேடி எடுத்து, நான் மட்டும் உட்கார்ந்து, அக்காவைப்போலவே மல்லாந்தவற்றை ஒதுக்கி ஒதுக்கி வீசினேன். ஆறாம் வீச்சில் பன்னிரண்டும் மல்லாந்தன. ஒதுக்கி வைத்தது என் கைதான் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.