செடிக்குச் சுற்றிய உப்பு

முச்சந்தியில் யாராவது திருஷ்டி கழித்துப் போட்ட எலுமிச்சம்பழம் கிடந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் ஒதுங்கி நடப்பார்கள். நான் வேண்டுமென்றே அதை மிதித்துவிட்டுப் போவேன். டீக்கடையில் கேட்க ஆள் கிடைத்தால் போதும், கண்ணு படுறதாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆரம்பித்துவிடுவேன். என் அலமாரியில் பாதிக்குமேல் கருப்புச் சட்டைதான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மீதியை எழுத எனக்கு ஏன் இப்படிக் கூசுகிறது என்று விளங்கும்.

மரக்காணத்தில் குத்தகைக்கு எடுத்த ஒரு சின்ன உப்பளம் என்னுடையது. வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது, கண்ணைப் பறித்துவிடும். அதனால் விடிவதற்குள் போய் உப்பு வார ஆரம்பித்துவிட வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். காலையில் என் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வீட்டில் இருப்பதே நானும் என் மனைவியும் மட்டும்தான். அப்படியும் தெரியாது.

அவள் வாசல் அறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். போன ஐப்பசியில் இடையஞ்சாவடியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனவள், வரும்போது முழங்கால் உயரத்தில் ஒரு செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அங்கே ஒரு நர்சரியில் வாங்கியது. நேற்று, இன்று, நாளை என்று அர்த்தம் வருகிற மாதிரி இங்கிலீஷில் ஒரு நீளமான பெயர் சொன்னாராம் நர்சரிக்காரர். பூ விரியும்போது நல்ல ஊதா, மறுநாள் வெளிர் ஊதா, அதற்கடுத்த நாள் வெள்ளை. மூன்று நிறமும் ஒரே செடியில் ஒன்றாக நிற்குமாம். "மூணு கலரு" என்று அவளே சுருக்கிப் பெயர் வைத்துவிட்டாள்.

"கத்திரி, தக்காளி வகையறாதானாம். ஆனா இலை, பூ, காயி எல்லாமே விஷமாம். ஆட்டை அண்ட விடாதீங்கன்னாரு" என்றாள்.

"ஏம்மா, ஒரு கறிவேப்பிலை வாங்கியாந்திருந்தாலும் குழம்புக்கு ஆவும். விஷத்தையா காசு குடுத்து வாங்குவாங்க?"

"உங்களை வெச்சிக்கினு குப்பை கொட்டலையா? அதையும் வெச்சிக்கிறேன்."

எங்கள் தெரு மண்ணில் முருங்கைகூட மூக்கால் அழும். அதனால் சிமெண்ட் தொட்டி வாங்கினாள். தங்கை வீட்டுக்காரரிடம் சொல்லி இடையஞ்சாவடியிலிருந்து இரண்டு மூட்டை செம்மண் வரவழைத்தாள். தேங்காய் நார்த்தூள், மக்கிய சாணம், டீத்தூள் சக்கை எல்லாம் கலந்து நட்டாள். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் பூக்கும் என்று பெரிய தொட்டி வாங்கவில்லை. கடற்காற்று இலையைக் கருக்கிவிடும் என்று கிழக்குப் பக்கம் பச்சை வலையைக் கட்டினாள். மாதத்துக்கு ஒருமுறை புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவாள். எனக்கு ஊற்றும் மோரில் அவ்வளவு கவனம் இருந்ததில்லை என்று நான் சொல்லிக் காட்டுவேன். அவள் காதில் வாங்கமாட்டாள்.

பெரிய கவலை தண்ணீர்தான். எங்கள் தெருவில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். மேற்கே ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து ஒரு பெண் மொபெட்டில் நல்ல தண்ணீர் கேன் கொண்டுவருவாள். தெருவில் பாதி வீட்டுக்கு அவள்தான் தண்ணீர். குடிக்க ஒரு கேன் வாங்கிக்கொண்டிருந்த என் மனைவி, செடிக்கென்று தனியாக இன்னொரு கேன் சொல்லிவிட்டாள். அது வெளியிலேயே இருக்கும்.

மாசியில் பூத்தது பாருங்கள், அடேயப்பா! இலையே தெரியவில்லை. சாயங்காலமானால் வாசனை எதிர்வீட்டு அடுப்படிவரை போனது. ஜாக்கெட் தைக்க வந்தவர்கள் அளவு கொடுக்க மறந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் தினமும் ஒருதரம் வந்து, "எப்பா, என்னாமா கொட்டுது!" என்று கன்னத்தில் கைவைத்துவிட்டுப் போவாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உப்பளத்தில் நாள் முழுக்க வெள்ளையையே பார்த்துவிட்டு வருகிறவனுக்கு வாசலில் மூன்று நிறம் நின்றால் எப்படி இருக்கும்? வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் செடி முன்னால் நின்றுவிடுவேன். ஒருநாள் எதிர்வீட்டு அம்மாள் கன்னத்தில் கைவைத்துவிட்டுப் போன மறுநாள், ஒரு கிளையில் பூ எல்லாம் கொட்டிக் கிடந்தது. மூன்று நாள் பூ, உதிரத்தானே செய்யும்? அறிவுக்குத் தெரிந்தது. வயிற்றுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம். என் மனைவி உள்ளே இருந்தாள். துண்டில் முடிந்து எடுத்து வந்திருந்த புது உப்பை ஒரு பிடி அள்ளினேன். தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தேன். எங்கள் உப்பளத்து ஜனங்கள் திருஷ்டிக்குப் பூசணிக்காய் எல்லாம் தேடிப் போகமாட்டார்கள். ஒரு பிடி உப்பை மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரில் போடுவார்கள். உப்பு கரைகிற மாதிரி கண்ணும் கரைந்துவிடும் என்பது கணக்கு. கை தானாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் சுற்றினேன். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. காலையில் வாசல் தெளிப்பதற்கு வைத்தது என்று நினைத்து அதில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

அதோடு விட்டிருந்தால் செடி தப்பித்திருக்கும். ஆனால் அந்த வாரமே புதுசாக மொட்டு வைத்தது. வேறென்ன வேண்டும்? மற்றவர்களுக்கு மணிக்கணக்கில் பாடம் நடத்துகிற மனுஷன், ஒரு மொட்டைப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றினேன். பிறகு எதிர்வீட்டு அம்மாள் வந்துவிட்டுப் போன நாளெல்லாம் சுற்றினேன். மறுநாள் டீக்கடையில் திருஷ்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டினேன்.

பங்குனி பிறந்ததும் இலையின் நுனி பழுப்பாகியது. அப்புறம் ஓரமெல்லாம் தீய்ந்தது. மொட்டு விரியாமலேயே உதிர்ந்தது. வெயில்தான் தாங்கவில்லை என்று என் மனைவி இன்னொரு வலை கட்டினாள், தண்ணீரைக் கூட்டினாள். கூட்டக் கூட்டச் செடி மோசமாகியது. கடைசியில் நாலு இலையைப் பறித்துக் கவரில் போட்டுக்கொண்டு இடையஞ்சாவடிக்கே போனாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவள் முகம் சிவந்து இருந்தது. "உப்பாம்" என்றாள்.

"என்னது?"

"இலையைப் பார்த்ததுமே சொல்லிட்டாரு. உப்புத் தண்ணி ஊத்திட்டு என்கிட்ட வந்து கேக்கறீங்களேம்மான்னு அத்தனை பேரு எதிர்ல கேட்டாரு. நல்ல தண்ணிதாங்க ஊத்தறேன்னு சொல்றேன், சிரிக்கிறாரு. காலையில எழுந்ததும் அந்த வாளித் தண்ணியைத்தான் ஊத்தறேன். சாயங்காலமே கேன்லேருந்து புடிச்சி வெச்சிடறேன்."

"வாசல்ல இருக்குதே, அந்த வாளியா? அது வாசல் தெளிக்கிறதுக்கு இல்லையா?"

"வாசலுக்கு யாராவது நல்ல தண்ணி தெளிப்பாங்களா? அதுக்கு போர்த் தண்ணியை டியூப்ல புடிச்சி அடிக்கிறேன். செடி வந்ததுலேருந்து அப்படித்தான். உங்களுக்கு இது கூடத் தெரியாதா?"

தெரியாது. பிறந்ததிலிருந்து உப்பில் நிற்கிறவன், உப்பு பட்ட இடத்தில் புல்கூட முளைக்காது என்று கண்ணால் பார்த்தவன், ஒவ்வொரு பிடியாக நானே எடுத்துவந்து ஊட்டியிருக்கிறேன். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "பாத்துக்கலாம் விடு" என்றுதான் வந்தது.

"என்னாத்த பாக்கறது? அந்தத் தண்ணிக்காரிதான். குடிக்கிற கேனை நாம வாயில வெச்சா தெரிஞ்சிடும். செடிக்குத்தானேன்னு வெளிய வெக்கிற கேன்ல கண்ட தண்ணியைக் கொண்டாந்து இறக்கியிருக்கிறா. வரட்டும் காலையில."

அன்று ராத்திரி கோடை மழை பெய்து பாத்தியில் உப்பெல்லாம் கரைந்துவிட்டதால் மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. கருப்புச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராக வைத்திருந்தேன். மொபெட் சத்தம் கேட்டது. என் மனைவி எழுந்து போனாள்.

"ஏம்மா, செடிக்கு இறக்கற கேன்ல உப்புத் தண்ணிதானே ஊத்தியார?"

"ஐயோ, என்னக்கா இப்படிச் சொல்றீங்க? ரெண்டு கேனும் ஒரே கிணறுதாங்க்கா!"

"அப்ப செடி எப்படி உப்புல கருகும்? ஆகாசத்துலேருந்தா உப்பு கொட்டிச்சி?"

எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். "அதான் எங்க வீட்லயும் பருப்பு வேகலையா? நாளையிலேருந்து எங்களுக்கு வேணாம்மா" என்றாள். பக்கத்து வீட்டிலும் யாரோ, எங்களுக்கும் வேண்டாம் என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த மொபெட்டும் எங்கள் தெருவும்தான் பிழைப்பு. அவள் வண்டியை ஸ்டாண்ட் போட்டாள். எங்கள் வாசலில் இருந்த சொம்பை எடுத்து, செடிக்கான கேனைத் திறந்து மொண்டு, எல்லோரும் பார்க்கக் குடித்தாள். பாதி கழுத்து வழியாக வழிந்தது.

"பாருங்கக்கா. உப்பா இருந்தா இப்படிக் குடிக்க முடியுமா?"

"இன்னிக்கி நல்லதா கொண்டாந்திருப்பே" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். பேப்பருக்குப் பின்னால் இன்னும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பேன் என்று யோசித்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது. எப்படியோ எழுந்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணை விடு. உப்பு போட்டது நான்."

"நீங்களா? செடிக்கா? எதுக்கு?"

"சுத்திப் போட்டேன். கண்ணு பட்டுடும்னு. அந்த வாளியிலதான் போட்டேன்."

முதலில் சிரித்தது எதிர்வீட்டு அம்மாள்தான். "அடியே, இங்க வாங்கடி! கருப்புச் சட்டைக்காரரு செடிக்குச் சுத்திப் போட்டாராம்!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கூவினாள். மானம் கப்பலேறியது. தெருவே சிரித்தது. தண்ணீர் கொண்டுவந்த பெண் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா கேக்க ஆரம்பிச்சப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணா. நான் குடிச்சிக் காட்டறவரைக்கும் பாத்துக்கினு இருந்தீங்களே" என்றாள்.

முந்தின நாளே எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா பேசிட்டேம்மா, மனசுல வெச்சிக்காதே" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன வீடுகளுக்கு நான் ஒவ்வொன்றாகப் போய், நடந்ததை என் வாயாலேயே சொல்லி, நிறுத்தாதீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள். டீக்கடைக்கு நான் இன்னும் போகவில்லை.

அப்புறம் கேன் கேனாக நல்ல தண்ணீரை ஊற்றி, அடி ஓட்டை வழியாக வடியவிட்டு, தொட்டியில் ஏறியிருந்த உப்பைக் கழுவினோம். ஒரு வாரம் கழித்து மேல்மண்ணை மாற்றினோம். செத்த கிளைகளை என் மனைவி கத்திரியால் வெட்டிக்கொண்டிருந்தாள், நான் பொறுக்கிக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே பச்சை தெரிகிறது, பிழைத்துக்கொள்ளும் என்றேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"செடிக்குக் கண்ணு படும்னு நெஜமாவே பயந்தீங்களா?"

"பயந்தேன்."

"எனக்கு ஆப்பரேஷன் ஆயி வீட்டுக்கு வந்தப்ப எங்கம்மா உப்பு எடுத்துக்கினு வந்தாங்க. இதே வாசல்ல நிக்க வெச்சி, இந்த வீட்டுல இதெல்லாம் நடக்காதுன்னு சொல்லி அனுப்பினீங்க. அந்த உப்பை முந்தானையில முடிஞ்சிக்கினே போனாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "உங்க கொள்கைன்னு நெனச்சேன். சரி, மனுஷனுக்கு ஒரு கொள்கை இருந்தா நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

கத்திரி மறுபடி வெட்ட ஆரம்பித்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கோணியைப் போட்டுவிட்டு உள்ளே போய் உப்பு ஜாடியைத் திறந்து ஒரு பிடி அள்ளினேன். மூடி சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"வேணாங்க" என்றாள் வாசலிலிருந்து. "கேட்டு வாங்கிக்கிறதுக்கு அந்தப் பயம் என்ன உப்பா?"