சார்ஜ் என்ற சொல்லும் அரை லத்தியும்

என் மேசையில் ஆங்கில அகராதி சரிந்துவிடாமல் ஒரு மூங்கில் துண்டை அண்டைகொடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும். ஒரு முனை வழுவழுப்பு, மறுமுனை நார் நாராகப் பிய்ந்தது. வழுவழுப்பான முனையில் சூடு போட்டுப் பொறித்த ஒரு குறி: மூன்று கோடு, அடியில் ஒரு மீன்வால். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "யாருது சார் இது?" என்று கேட்பார்கள். ஏதோ பழைய கட்டை என்று மழுப்பிவிடுவேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லுக்குப் பொருள் சொல்லிச் சம்பளம் வாங்கியவன், இந்த ஒரு கேள்விக்கு வாய்திறக்காமல் காலம் தள்ளியிருக்கிறேன். வெட்கக்கேடு.

அது என் மாமாவுடைய லத்தி. மாமா என்றால் அக்காள் புருஷன். அறுபதுகளில் கடலூரில் போலீஸ் வேலை, திருப்பாதிரிப்புலியூரில் குடித்தனம். நாங்கள் இரண்டு குடும்பமும் கடலூருக்குத் தெற்கே ஒரே குப்பம், கடல்தான் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. துடுப்பின் இரண்டு முனையிலும் அதைப் பொறித்துவிடுவார்கள். உடைந்தால் கடல் எந்தப் பாதியைக் கரைக்குத் திருப்பித் தரும் என்று யாருக்குத் தெரியும்? குறியுள்ள பொருள் ஒதுங்கினால் கண்டெடுத்தவன் அதை உரியவன் வீட்டு வாசற்படியில் கொண்டுபோய் வைப்பான். வீட்டுக்காரன் வெளியே வந்து, "என்னுது" என்று வாயால் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். தன் குறியைத் தனதில்லை என்றவனோடு ஒருத்தனும் படகு ஏறமாட்டான். மாமா காக்கிச் சட்டை போட்டும் அந்தப் பழக்கம் விடவில்லை. லத்தி கொடுத்த அன்றைக்கே இரண்டு முனையிலும் வீட்டுக்குறியைப் போட்டுவிட்டார்.

அப்போது நான் சிதம்பரத்தில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். மாமா பதவி உயர்வுக்குப் பரீட்சை எழுத இங்கிலீஷோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை போனால் சந்தேகத்தோடு காத்திருப்பார். அவரைப் பாடாய்ப் படுத்திய சொல் 'சார்ஜ்'. ஸ்டேஷனை ஒருவர் சார்ஜ் எடுக்கிறார், கைதிமேல் சார்ஜ் ஷீட் போடுகிறார்கள், ஜீப் பாட்டரிக்குச் சார்ஜ் இல்லை, பஸ் சார்ஜ் ஏறிப்போச்சு, கூட்டம் கலையாவிட்டால் லத்தி சார்ஜ். "ஒரு வார்த்தைய வச்சிக்கிட்டு எத்தன வேல வாங்குறான் பாரு மச்சான் வெள்ளக்காரன். எங்க இன்ஸ்பெக்டரு எங்கிட்ட வாங்குற மாதிரியே" என்பார்.

நான் சும்மா இருப்பேனா? கல்லூரி நூலகத்துப் பெரிய அகராதியைப் புரட்டி மூலத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன். லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் இந்தச் சொல்லின் ஆதி வேலை. பிரெஞ்சுக்காரன் வாய்வழி இங்கிலாந்துக்குப் போயிற்று. துப்பாக்கியில் மருந்தை ஏற்றினாலும், பாட்டரியில் மின்சாரத்தை ஏற்றினாலும், ஒருத்தன் தலையில் பொறுப்பையோ பழியையோ ஏற்றினாலும் அதே சொல். ஆயுதத்தை ஓங்கிக்கொண்டு முழுப் பாரத்தோடு எதிராளிமேல் விழுந்தாலும் அதே சொல். கடலூர்த் துறைமுகத்தில் படகில் ஏற்றும் கார்கோவும், தெருவில் ஓடும் காரும் அந்தப் பழைய வண்டிக்குப் பிறந்த பிள்ளைகள்தாம். மாமா வாயைப் பிளந்து கேட்டார். பிறகு, "அப்ப லத்தி சார்ஜுல யாரு மச்சான் பாரத்த சொமக்கிறது? அடிக்கிறவனா, அடி வாங்குறவனா?" என்றார். கெட்டிக்காரன்போலச் சிரித்து வைத்தேன்.

இந்தியை எதிர்த்து மாணவர் கிளர்ச்சி நடந்த வருஷம் அது. ஒரு நண்பகல், சிதம்பரம் ரயிலடிச் சாலையில் நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். வெளியூர்களிலிருந்து வேன் வேனாகப் போலீஸ் இறங்கியிருந்தது. என் பக்கத்தில் என் அறைத்தோழன். அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரிக்காட்டுக்காரர் மகன். விடுதியில் அவனைப்போல் பேச ஆள் கிடையாது, வாயைத் திறந்தால் சமையற்கட்டுக்காரர்கூடக் கரண்டியோடு வந்து நிற்பார். எவனோ கல் விட்டான். ஒரு அதிகாரியின் குரல் அந்தச் சொல்லைக் கத்தியது. அவ்வளவுதான். முதல் அடிகள் முழங்காலில் விழுந்தன, எலும்பு விறகு முறிவதுபோல் முறிந்தது. விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு விழாதவர்கள் ஓடினோம். என் முன்னால் ஓடிய பையன் பல்லும் ரத்தமுமாகத் துப்பினான். டீக்கடைப் பலகைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நான் திரும்பிப் பார்த்தபோது தோழன் கவிழ்ந்து கிடந்தான், இரண்டு கையாலும் தலையைப் பொத்தியபடி. ஒரு காக்கி முதுகு குனிந்து குனிந்து அடித்தது. அந்தக் கைகள் விலகிய பிறகும் அடித்தது. லத்தி உடைந்துதான் அடி நின்றது.

கூட்டம் நகர்ந்ததும் ஓடினேன். அவன் காதருகே ரத்தத்தில் கிடந்தது உடைந்த பாதி. மூன்று கோடு, ஒரு மீன்வால். சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

அவன் பிழைத்தான். வலது கையும் காலும் முடங்கின, பேச்சு அடியோடு போயிற்று. ஓடும்போது கல்லில் விழுந்து அடிபட்டான் என்று போலீஸில் எழுதினார்கள். ஒரு விசாரணை நடக்கும், சாட்சி சொல்லலாம் என்றார்கள். உண்மைக்குச் சாட்சி என் பெட்டியில் இருந்தது. மாமாவே ஒத்துக்கொள்வார் என்று நம்பி, கடலூருக்குப் போய் அதை வாசற்படியில் வைத்தேன். மாமா வெளியே வந்தார், பார்த்தார். முகம் வெளிறியது.

"என்னுது இல்ல" என்றார்.

அந்தத் துண்டை எடுத்து அவர் வாயிலேயே அடித்தேன். உதடு பிளந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. கையைக்கூட ஓங்கவில்லை மனிதர். "என்னுது இல்ல மச்சான்" என்றார் மறுபடியும். அக்கா ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து என்னையே பார்த்தாள். விசாரணையில், நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமாவைக் கோழை என்று திட்டியபடியே சொன்ன பொய் அது.

இருபது வருஷத்துக்குமேல் அவரோடு பேசவில்லை. பென்ஷன் வாங்கிய பிறகு ஒருநாள் என் வீட்டுப் படியேறி வந்து நின்றார். "அது இருக்குதா?" என்றார். இருந்தது. மறுநாள் இருவரும் அண்ணாகிராமத்துக்கு பஸ் ஏறினோம். பலா மரத்தடியில் தோழன் இடக்கையால் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான். மாமா துண்டை அவன் வீட்டுப் படியில் வைத்தார். "என்னுதுதான் தம்பி. நான்தான் அடிச்சேன்" என்றார். தோழன் அவரைப் பார்த்துச் சிரித்தான். சொல்வதெல்லாம் அவனுக்கு விளங்குவதில்லை என்றார் அவன் அண்ணன்.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். காலை இழுத்து இழுத்து, வேர்க்க விறுவிறுக்க அவன் வந்துகொண்டிருந்தான். இடக்கையில் அந்தத் துண்டு. கிழவர் மறந்து வைத்துவிட்டுப் போகிறார் என்று நினைத்துவிட்டான். மாமாவின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பத்திரம் என்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டினான். மாமா மண்ணில் உட்கார்ந்து சின்னப்பிள்ளைபோல் அழுதார்.

மாமா போய்ச் சேர்ந்த பிறகு அக்கா அதை என்னிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து என் மேசையில் இருக்கிறது. அடுத்தமுறை யாராவது எடுத்துப் பார்த்து யாருது சார் என்று கேட்டால், என்னுது என்று சொல்லப்போகிறேன்.