வலப்பக்கம் சாய்ந்த நிழல்

இரும்புலியூரில் துளசிங்கம் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அனுப்பிரியா வீடு எது என்று கேட்டால், "யாரு, துளசிங்கம் பொண்ணா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு அதே தெருவைக் காட்டுவார்கள். அனுவின் நாற்பத்துச் சொச்சம் வருட வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

நிலம் அப்பா பெயரில் இருந்தது. அங்கே அடுக்குமாடி எழும்பியபோது தம்பி பெயருக்குப் போனது. கணவர் குமரேசன் மெயின் ரோட்டில் வைத்திருக்கும் பெயின்ட் கடையில் பாதி வேலை பார்ப்பவள் அனு. போர்டில் இருப்பதோ குமரேசன் பெயர். மார்கழிக் கோலப்போட்டியில் முதல் பரிசு வாங்கியபோதுகூட மைக்கில் "குமரேசன் சம்சாரம் மேடைக்கு வரவும்" என்றுதான் கூப்பிட்டார்கள். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஸ்ரீவித்யா, சேலையூர்க்காரி. துணியில் ஸ்டென்சில், அதாவது பூ வெட்டிய தகடு, வைத்துச் சாயம் அடிக்கும் பெண்கள் சிலர், அனுவும் சேர்த்து, குரோம்பேட்டையில் ஒரு மாடி ஹாலில் மாதம் ஒருமுறை கூடுவோம். எங்களுக்குள் சண்டைக்கும் பொறாமைக்கும் குறைச்சலே இல்லை. ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் யாரும் மீறியதில்லை. புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடித்தவள் அதை ஒளிக்காமல் எல்லோருக்கும் செய்துகாட்டவேண்டும். கற்றுக்கொண்டவள் தன் புடவையை விரிக்கும்போது, "யாரோட வழி?" என்று யாராவது கேட்பார்கள். அவள் சொல்லிக்கொடுத்தவளின் பெயரைச் சொல்லவேண்டும். இடுப்பில் செருகும் உள்பக்க ஓரத்தில் அந்தப் பெண்ணின் அடையாளத்தைச் சின்னதாக அடித்தும் வைக்கவேண்டும். என் அடையாளம் மாவிலை. சுஜியின் அடையாளம் ஒரு அணில்.

சுஜியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிட்லபாக்கத்தில் இருந்தாள். சாலமோன் என்ற ரயில்வே ஊழியரின் மனைவி. இடதுகைக்காரி. ஸ்டென்சில் தகட்டைத் துணியில் ஒட்டிவைக்காமல், அடியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஜவ்வரிசி தூவி, நூலளவு தூக்கி வைப்பாள். சாய்வாக ஸ்ப்ரே அடித்தால் சாயம் தகட்டுக்கு அடியில் கொஞ்சம் நுழைந்து, ஒவ்வொரு பூவுக்கும் பக்கத்தில் மங்கலாக ஒரு நிழல் விழும். அவளிடம் இதைக் கற்றுக்கொண்டு, வலது கையால் வலப்பக்கமிருந்து அடிக்கிற எங்களுக்கு நிழல் இடப்பக்கம் சாயும். சுஜியின் பூக்களுக்கு மட்டும் வலப்பக்கம். அதை வைத்தே தூரத்திலிருந்து அவள் புடவையைச் சொல்லிவிடலாம்.

பழைய எக்ஸ்ரே படங்களில்தான் நாங்கள் ஸ்டென்சில் வெட்டுவோம். ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் படம் அழிந்து வெறும் தகடாகிவிடும். நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்த பிறகு, சுஜி தன்னுடைய மார்பு எக்ஸ்ரேயையே எடுத்து, அழிக்காமல், விலா எலும்புகளுக்கு நடுவே முல்லைக் கொடி வெட்டினாள். "வீணாத் தூக்கிப் போடுவானேன்?" என்று சிரித்தாள், சிரிப்பு இழுப்பாக முடிந்தது. அந்தத் தகட்டை அவளே அனுவிடம் கொடுத்தாள். தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆறு மாதத்துக்குள் 'அனு நிழல்' என்ற பெயரில் புடவைகள் போனில் வலம் வந்தன. பெரிய துணிக் கண்காட்சி ஒன்றை நடத்துகிறவர்கள், இந்த முறையைக் கண்டுபிடித்தவர் என்று அனுவைப் பற்றிப் படம் எடுத்து எல்லா ஊரிலும் காட்டப்போவதாகச் செய்தி வந்தது. அடுத்த கூட்டத்துக்கே கேமராவோடு வருகிறார்களாம். படம் போய்விட்டால் போனதுதான். அப்புறம் அது காலத்துக்கும் அனுவின் வழி. சுஜி என்று ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாது. கோபத்தோடு கிளம்பி அவள் வீட்டுக்குப் போனேன்.

மாடி அறையில் மதிய வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேஜைமேல் அந்தத் தகடு. மூலையில் சுஜியின் பெயரும் வயதும் வெள்ளை எழுத்தில் இருந்த இடம் முக்கோணமாக வெட்டப்பட்டிருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அனு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேளை வந்தீங்கோ அக்கா. இத்த கொஞ்சம் பாருங்கோ."

கொடியில் நாலைந்து புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் முல்லைக் கொடி. எல்லாப் பூவின் நிழலும் வலப்பக்கம்.

"இடது கையால அடிச்சியா?"

"எனக்கு இன்னாக்கா இடது கை பழக்கம்? வலது கைதான். உங்க கண்ணு முன்னாலயே அடிக்கிறேன்."

ஜவ்வரிசி தூவினாள். தகட்டை வைத்தாள். வலது கையில் ஸ்ப்ரேயைப் பிடித்து, வலப்பக்கமிருந்து சாய்வாக அடித்தாள். உஸ், உஸ் என்று சத்தம். அவள் அடிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு இழுப்புச் சத்தம் கேட்டது. பழக்கமான இழுப்பு. தகட்டில் மங்கலாகத் தெரிந்த விலா எலும்புகள் மேலே வந்து கீழே போனமாதிரி இருந்தது. காற்றில் தகடு ஆடியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை.

அனு தகட்டைத் தூக்கினாள். நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது.

அவள் கீழே போய்க் காபி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கப் போன என் கை பாதியில் நின்றது.

"அனு, என்ன இது, இடது கையில குடுக்கறே?"

அவள் குனிந்து பார்த்தாள். யாரோ ஒருத்தருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். டம்ளர் கீழே விழுந்தது.

சத்தம் கேட்டு மேலே வந்த குமரேசன், "காலைல கோலமும் அந்தக் கைலதான் போட்டுகினு இருந்தா. இன்னாடின்னு கேட்டா, நானாங்கறா. பேஜாரா கீது மேடம்," என்றார்.

"சுஜி பேரைச் சொல்லிடு அனு," என்றேன். திட்ட வந்தவள்தான், குரல் கெஞ்சலாகத்தான் வந்தது.

அவள் அழுதாள். "எம் பேர்ல ஒண்ணே ஒண்ணு இருக்கக் கூடாதாக்கா?"

திரும்பி வந்துவிட்டேன்.

கூட்டத்தன்று ஹால் நிறைந்திருந்தது. கேமராக்காரர்கள் விளக்கெல்லாம் வைத்துவிட்டார்கள். கடைசி வரிசையில் சாலமோன் உட்கார்ந்திருந்தார். சுஜியின் பிரஷ், கத்தியெல்லாம் எங்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். கண்காட்சி விஷயம் அவருக்குத் தெரியாது. அவரைப் பார்த்ததும் அனுவின் முகம் வெளிறிவிட்டது.

இருந்தாலும் செய்துகாட்டினாள். வலது கையால் அடித்தாள். இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். தகட்டைத் தூக்கித் துணியை விரித்ததும் சாலமோன் எழுந்து நின்றுவிட்டார். நிழல் சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்து, அவர் உதடு எதையோ முணுமுணுத்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கத்தை விட முடியுமா? கேட்டேன்.

"யாரோட வழி?"

"எ..." என்று ஆரம்பித்தாள் அனு. அதற்குமேல் வரவில்லை. மூச்சு இழுத்தது. சுஜிக்கு இழுக்குமே, அதே இழுப்பு. தலைப்புக்குள்ளிருந்து இடது கை மெல்ல வெளியே வந்தது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் தூக்குவார்களே, அப்படித் தலைக்குமேல் எழுந்து நின்றது. அனு வலது கையால் அதைப் பிடித்து இழுத்தாள். இறங்கவில்லை.

"சுஜியோட வழி!" என்று கத்தினாள் அனு. "சுஜியோட வழி. நான் கண்டுபுடிக்கல. அவ குடுத்தது. பேர வெட்டினது நானு."

கை தொப்பென்று கீழே விழுந்தது. மூச்சு சரியாயிற்று. கேமரா அதையும் எடுத்துக்கொண்டுதான் இருந்தது; பிறகு எல்லா ஊரிலும் சுஜி பெயரைத்தான் போட்டார்கள்.

சாலமோன் முன்னால் வந்து கத்தியும் பிரஷ்களும் இருந்த பையை அனுவிடமே நீட்டினார். "உங்களுக்குன்னுதானேம்மா அவ அந்த எக்ஸ்ரே படத்தைக் குடுத்தா. வச்சுக்கோங்க," என்றார். அனு பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதெல்லாம் போன ஆடியில். அனு இப்போதும் புடவை அடிக்கிறாள். 'அனு நிழல்' போய்விட்டது. அவள் பூக்களின் நிழல் ஒழுங்காக இடப்பக்கம் சாய்கிறது. சாப்பிடுவது, கோலம், காபி எல்லாம் வலது கைதான். போன வாரம் எனக்கென்று ஒரு புடவை கொடுத்தாள். வழக்கம்போல உள்பக்க ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன். அணில் இருந்தது. அதன் நிழல் மட்டும் வலப்பக்கம்.

"பரவாயில்லையே, அணிலை மட்டும் சுஜிமாதிரியே இடது கையால போட்டிருக்கியே," என்றேன்.

அனு புடவையை என் கையிலிருந்து வாங்கி, பதமாக மடித்து, பைக்குள் வைத்தாள்.

"நான் போடறதில்லக்கா," என்றாள். "பூவெல்லாம் அடிச்சி முடிச்சிட்டு கை கழுவ கீழ போவேன். வந்து பாத்தா போட்டு கீது."