ரிம்மில் தட்டிய ஜெர்மன் பாட்டு

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். படித்தது ஐந்தாவது. கடைக்கு வருகிறவர்களிடம்கூட அதிகம் பேசமாட்டேன். அப்படிப்பட்டவன் ஜெர்மன் பாட்டுக்குத் தாளம் போட்டது என் மச்சானுக்காக.

மச்சான் என் மனைவியின் தம்பி, நர்ஸ். ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகக் கடலூரில் அந்தப் பாஷையைப் படித்தான். முதல் இன்டர்வியூ வீடியோவில் நடந்தது. இவன் பேசுவது புரியாமல் எதிரே இருந்த ஜெர்மன்கார அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னாராம். இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று முடித்துவிட்டார். மூன்று நாள் இவன் சரியாகச் சாப்பிடவில்லை.

பஸ்ஸை பஸ்ஸு என்று நாம் இழுப்பதுபோல ஜெர்மன் வார்த்தைகளுக்கும் அவன் வால் சேர்த்தான். அவன் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெயர், ஊர், வேலை என்று இன்டர்வியூவில் கேட்பதையெல்லாம் கேள்வியும் பதிலுமாகப் பாட்டுக் கட்டி, தானே பாடி போனில் அனுப்பினார். தாளத்தில் பாடினால் வாலுக்கு இடமில்லையாம்.

சாயந்திரம் கடையில் உட்கார்ந்து பாடுவான். நான் டயர் கழற்றும் லீவரால் பழைய சக்கர ரிம்மில் தட்டுவேன். பாஷை தெரியாவிட்டாலும், தட்டு முடிந்தும் குரல் நீண்டால் தெரிந்துவிடும்.

"வாலா மாமா?"

"வால்தான். திரும்பப் பாடு."

கேட்டுக் கேட்டுக் கேள்வி வரிகள் எனக்கே மனப்பாடமாகிவிட்டன.

இரண்டாவது இன்டர்வியூ அன்று அவனோடு கடலூர் பஸ் ஏறினேன். பதில் வரிகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தவன் பாதியில் மறந்து நிறுத்தினான்.

"மாமா, கேள்விய நீங்க பாடுங்க."

"பஸ்ஸுலயா? போ மச்சான்."

"ஒரே ஒரு தடவ மாமா."

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் பாடினேன். அவன் பதில் பாடினான். முன் சீட்டுக் கிழவி திரும்பினாள்.

"எந்தக் கோயிலு பாட்டுப்பா?"

"ஜெர்மன் கோயிலு ஆயா," என்றான் மச்சான்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் கடலூர் வரும்வரை நிறுத்தவில்லை.

இந்தத் தடவையும் வீடியோதான், அவன் படித்த கிளாஸில். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்து வெளியே வந்தான்.

"திருப்பிச் சொல்லுன்னு ஒரு தடவகூட கேக்கல மாமா. ஆனா எந்த ஊருன்னு கேட்டப்ப ராகத்தோட சொல்லிட்டேன்."

"ஐயய்யோ! என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. அப்புறம் எப்ப வரமுடியும்னு கேட்டாங்க."

என் மனைவிக்குப் போன் போட்டேன். அவள் எடுத்ததும் போனை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.