தலையைத் தூக்கச் சொல்லாதே

1. ஸ்டேஷனில் முதல் நாள்

போட்டோ தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு லைட்டிங் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் இது கல்யாண மண்டபத்து லைட்டிங் இல்லை.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எல்லாரும் என்னை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்பாக்கம் ஊழியர்களுக்கு பாஸ்போர்ட் சைஸ், மீனவர் வீட்டு விசேஷம், பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று ஓடுகிற பிழைப்பு. ஃபிலிம் ரோல் இருந்த காலத்தில், போலீஸ் ஸ்டேஷனுக்குப் படம் எடுத்துக்கொடுத்தவர் துபாய் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். இன்னமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன்.

உள்ளே சட்டை இல்லாமல் சுவரோரம் நின்றவனைப் பார்த்ததும் திக்கென்றது. கன்னியப்பன். அதற்கு முந்தின வாரம்தான் என் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தான். இருளர் ஜனங்கள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். கன்னியம்மனைக் கும்பிட்டு, விடிகிற நேரத்தில் மணலிலேயே கல்யாணங்களை முடிப்பார்கள். அப்படித் தாலி கட்டிய கையோடு, பொண்டாட்டி செல்வியையும் கூட்டிக்கொண்டு, காலில் ஒட்டிய மணலோடு கடைக்குள் வந்தான். ஒரு பக்கம் மெயின் லைட் வைத்தேன். எதிர்ப்பக்கம் நிழலை எடுக்க வெள்ளைத் தெர்மகோல் அட்டை. "தலையத் தூக்கு கன்னியப்பா" என்றேன். தூக்கினான், சிரிப்பும் தானாக வந்தது. நெகட்டிவில் முகத்துத் தழும்பை மறைக்கப் போடுகிற பென்சில் டச்சிங்கூடத் தேவைப்படவில்லை. அவ்வளவு லட்சணமான முகம்.

ஸ்டேஷனிலும் பழக்க தோஷத்தில் அதையேதான் சொன்னேன். எஸ்.ஐ. தடுத்தார்.

"தலையத் தூக்கச் சொல்லாத பாய். கீழ வெச்சிக்கினு கண்ண மட்டும் மேல காட்டச் சொல்லு. இன்னா, கல்யாண ஆல்பமா போடப்போறோம்?"

தலையைத் தாழ்த்திக் கண்ணை மட்டும் உயர்த்தினால் கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும். அதோடு தூக்கமில்லாத கண், சவரம் செய்யாத தாடை, முகத்துக்கு நேராக அடிக்கிற பிளாஷ், பின்சுவரில் கறுப்பாக விழுகிற நிழல். இவ்வளவும் சேர்ந்தால் உங்கள் ஹெட்மாஸ்டரைக்கூடத் திருடனாக்கிவிடலாம். ஊரில் திருட்டு முழி என்கிறார்களே, அது பாதி பேருக்குக் கேமராக்காரன் கொடுத்தது.

2. முழி சரியில்லை

அவன் செய்த குற்றம் இதுதான். ஈ.சி.ஆர். ஓரமாக ஒரு ரிசார்ட்டில் நீச்சல்குளம் சுத்தம் செய்துகொண்டிருந்தான். அங்கே தங்க வந்த ஒரு அம்மாவின் சங்கிலியைக் காணோம். வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்தியபோது, "இவன் முழியே சரியில்ல சார்" என்று மேனேஜர் கையைக் காட்டினார். மொத்த சாட்சியமும் அவ்வளவுதான்.

எஸ்.ஐ.க்கு அது போதுமானதாக இருந்தது. முகம் பார்த்து ஆள் சொல்வதில் தனக்கு யாரும் ஈடில்லை என்று நினைப்பு அவருக்கு. எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, இத்தாலியில் அந்தக் காலத்து டாக்டர் ஒருவர் கைதிகளின் மண்டையையும் காதையும் தாடையையும் அளந்து, பிறவித் திருடனை முகத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்று எழுதிவைத்த கதையைச் சொன்னார். பெரிய பெரிய நாட்டுக்காரர்களெல்லாம் அதை நம்பினார்களாம். பிற்பாடு அது சுத்தப் பொய் என்று தள்ளிவிட்டதை மட்டும் அவர் சொல்லவில்லை. நம் ஊரில் வெள்ளைக்காரன் அளக்கிற சிரமம்கூட இல்லாமல், பிறந்த சாதியை வைத்தே ஜனங்களைக் குற்றவாளி என்று சட்டம் போட்டான். சட்டத்தை எடுத்துவிட்டார்கள். பார்க்கிற கண்ணை யாரும் எடுக்கவில்லை.

சங்கிலி அந்த அம்மாவின் மேக்கப் பெட்டியிலேயே, சென்னையில், அவர் வீட்டில் கிடைத்தது. கன்னியப்பனை விட்டுவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை, ரிசார்ட்டில் திரும்ப வேலையும் தரவில்லை. ஸ்டேஷனில் வைத்திருக்கிற திருடர் ஆல்பத்திலிருந்து அவன் படத்தை எடுத்துவிடலாமே சார் என்று நானே போய்க் கேட்டேன்.

"கெடக்கட்டும் பாய். இன்னிக்கிப் பண்ணல. நாளைக்கும் பண்ண மாட்டான்னு நீ கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா?"

நான் திரும்பிக் கடைக்கு வந்துவிட்டேன்.

3. ஆல்பம்

அடுத்த வருஷம் மாமல்லபுரத்தில் சுற்றுலா வந்த பெண்ணிடம் யாரோ சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். ஸ்டேஷனில் அவளுக்கு ஆல்பத்தைக் காட்டியிருக்கிறார்கள். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு கன்னியப்பன் படத்தில் விரலை வைத்தாளாம். ஓடினவனின் முதுகைத்தான் அவள் பார்த்தது என்று பிறகு கான்ஸ்டபிளே சொன்னார். பார்க்க எது பயமாக இருந்ததோ அதைக் காட்டியிருக்கிறாள். அந்தப் பயத்தை நான்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அன்றைக்கு அவன் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில், செல்வி பிரசவத்துக்காக வராந்தாவில் படுத்துக்கிடந்தான். குழந்தை பிறக்கிறதுக்குள் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை வக்கீல் வைத்து நிரூபிக்கிறதுக்குள் குழந்தைக்கு முடி இறக்கிப் பெயர் வைத்தாயிற்று. மகள் அம்சாவின் முகத்தை அவன் முதலில் பார்த்தது ஜெயிலிலிருந்து வந்த பிறகுதான்.

அப்புறம் சவுக்குத்தோப்பில் வெட்டு வேலைக்குப் போனான். இந்தக் கடற்கரையில் எங்கே எது காணாமல் போனாலும், விசாரிக்க என்று ஜீப் அவன் வீட்டு வாசலில் நிற்கும்.

4. போன்

ஆல்பம் பழசாகி, படங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு வந்தது. இப்போது கான்ஸ்டபிள் ஆளுக்கு நேராகப் போனைப் பிடித்தால், யார் என்ன கேஸ் என்று அதுவே சொல்கிறது. வயசானாலும் முகத்து எலும்பு அளவை வைத்துப் பிடித்துவிடுமாம். அந்த இத்தாலி டாக்டர் கையால் அளந்தது இப்போது கைக்குள் அடங்கிவிட்டது.

போன மாசி மகத்தில் மாமல்லபுரம் மணலில் பந்தோபஸ்துக்கு வந்தவர்கள் அந்தப் போனோடு கூட்டத்துக்குள் நடந்தார்கள். போன் கன்னியப்பனைக் காட்டியது. அம்சாவைப் பார்க்க அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கண்ணெதிரிலேயே அவன் தோளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஆனால் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷம் மாசி மகத்துக்கு முன்னால் அவன் கடைக்கு வந்தான். அம்சாவின் கல்யாணம், அதே கடற்கரையில். மறுபடியும் அப்படி நடந்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள் என்று செல்வி அழுதுகொண்டே இருக்கிறாளாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பாய், என் மூஞ்சி மாரி இல்லாம ஒரு போட்டோ எடுத்துக் குடு. அந்தப் போன்ல இத்த மாத்திடச் சொல்லு."

அது ஆகிற காரியமில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக எடுக்காமல் அனுப்ப மனசு வரவில்லை. அவன் கல்யாணத்தன்றைக்கு வைத்த மாதிரியே லைட் வைத்தேன். நன்றாகவே வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இப்போது இருக்கும் எஸ்.ஐ. சின்ன வயசு, படித்தவர், மரியாதையானவர். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எந்தக் கேஸும் நிற்கவில்லை என்பதையும் ஒத்துக்கொண்டார். பழைய படத்தை எடுக்கத் தனக்கு அதிகாரமில்லை, மேலே எழுதிப் பார்க்கலாம் என்றார். பிறகு என் படத்தைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார்.

"சூப்பரா எடுத்திருக்கீங்க பாய். இதையும் சேர்த்து ஏத்திட்டா இன்னும் கரெக்டா புடிக்கும்."

கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல மனசோடு, எனக்கு ஒரு பாராட்டாகத்தான் சொன்னார். படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ எடுத்தேன். அலையோரம் சின்னப் பந்தல், அம்சா மஞ்சள் புடவையில் உட்கார்ந்திருந்தாள். அப்பன் அவளுக்குப் பின்னால், குளிருக்குப் போர்த்தினவன் மாதிரி துண்டைத் தலையோடு சுற்றிக்கொண்டு, மணலைப் பார்த்தபடி நின்றான். கொஞ்ச தூரத்தில் காக்கிச் சட்டைகள் நடந்துகொண்டிருந்தன. குரூப் போட்டோவுக்கு எல்லாரையும் நிறுத்திவிட்டு, பழைய பழக்கத்தில் குரல் கொடுத்தேன்.

"தலையத் தூக்கு கன்னியப்பா."

"வாணாம் பாய். தூக்குனா போன்ல வுழும். நீ இப்டியே எடு."

அப்படியே எடுத்தேன். அம்சாவின் ஆல்பத்தில் அப்பாவின் இடத்தில் ஒரு துண்டுதான் நிற்கிறது.

லைட்டிங் பற்றிக் கேட்டீர்கள். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் போகாதீர்கள் என்று நான் சொல்ல முடியாது, நானே போனவன்தான். போனால், யார் தடுத்தாலும், எதிரில் நிற்கிறவனைத் தலையைத் தூக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்கள். அன்றைக்கு விட்டுவிட்டால், பிறகு நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் அவன் தூக்க மாட்டான்.